சிப்பாயின் சிப்பாய்: தைமூரின் பெருஞ்சதுரங்கம் குறித்து ஒரு வாசிப்பு

1

சதுரங்கத்தின் விதிகளைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் சிலர் நினைக்கலாம். 'வேற வேலை இல்லையா உமக்கு' என்று ஒருவர் நேரடியாகவே கேட்டுவிட்டார். கதை, கவிதை, சட்டம், வரலாறு எல்லாவற்றையும் பிரதியாக வாசிக்கலாம் என்று ஒத்துக்கொள்கிறவர்கள்கூட, விளையாட்டு என்று வந்துவிட்டால் அதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் ஆட்ட விதிகளைப் போல அதிகாரத்தைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேசுகிற பிரதிகள் குறைவு. யார் எவ்வளவு தூரம் நகரலாம், யார் யாரைத் தாண்டிப் போகலாம், யார் செத்தால் ஆட்டம் முடியும், யார் செத்தால் முடியாது என்பதெல்லாம் அதில் எழுதியே இருக்கிறது. சமாதானம் சொல்கிற வேலையே அதில் கிடையாது.

இந்தக் கட்டுரைக்குக் காரணம் ஒரு சந்தேகம். கொஞ்ச காலமாகவே நாம் 'பன்மை' என்ற சொல்லை ஒரு மந்திரம் மாதிரி உபயோகித்து வருகிறோம். ஒற்றை மையத்துக்கு மாற்று பன்மை; ஒற்றைக் குரலுக்கு மாற்று பல குரல்கள்; அடையாளம் மறுக்கப்பட்டவர்களுக்கு அடையாளம். நானும் இப்படியெல்லாம் எழுதியவன்தான். இவற்றில் எதுவும் தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் வகைகள் கூடினால் படிநிலை தளர்ந்துவிடும், பெயர் கொடுத்தால் விடுதலை வந்துவிடும் என்று இவற்றுக்கு அடியில் ஒரு நம்பிக்கை ஓடிக்கொண்டிருக்கிறதே, அது சரிதானா? மத்திய ஆசியாவின் ஒரு பழைய பலகை இந்தக் கேள்வியை எனக்குள் கிளப்பிவிட்டது.

2

64 கட்டம் போதாது என்று நினைத்தவர்கள் பல நாடுகளில் இருந்திருக்கிறார்கள். காஸ்டீல் அரசன் பத்தாம் அல்ஃபோன்ஸோ எழுதுவித்து 1283இல் முடிந்த விளையாட்டு நூலில் 'பெரிய சதுரங்கம்' ஒன்று வருகிறது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, 144 கட்டங்கள். சிங்கமும் முதலையும் ஒட்டகச்சிவிங்கியும் அதில் காய்கள். ஜப்பானின் சூ ஷோகிக்கும் அதே 144 கட்டங்கள். ஒரு பக்கத்துக்கு 46 காய்கள்.

தைமூர் (1336-1405) பெயரால் வழங்கும் ஆட்டம் இவற்றைவிடச் சின்னது. அகலவாட்டில் 11, நீளவாட்டில் 10, ஆக 110 கட்டங்கள். இதற்கு வெளியே பலகையின் இரண்டு ஓரங்களிலும் துருத்திக்கொண்டு ஆளுக்கொரு தனிக் கட்டம் உண்டு. அதற்குக் கோட்டை என்று பெயர். அதையும் சேர்த்தால் 112. 'ஷத்ரஞ்ச் காமில்' என்று இந்த ஆட்டத்தைச் சொன்னார்கள். முழுமையான சதுரங்கம் என்று அர்த்தம். லண்டன் ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டியிலுள்ள ஒரு பாரசீகக் கையெழுத்துப் பிரதி இதன் விதிகளைத் தருகிறது. எச்.ஜே.ஆர். மர்ரேயின் சதுரங்க வரலாறு (1913) வழியாக அது பரவலாகத் தெரியவந்தது.

ஒரு பக்கத்துக்கு 28 காய்கள். முதல் வரிசையில் இடைவெளி விட்டு விட்டு யானை, ஒட்டகம், முற்றுகைப் பொறி ஆகியவை இரண்டிரண்டு. இரண்டாம் வரிசையில் நடுவில் ராஜா. அவருக்கு ஒரு பக்கம் ஃபர்ஸீன் என்கிற தளபதி, மறுபக்கம் வசீர். அங்கிருந்து வெளியே போகப்போக ஒட்டகச்சிவிங்கி, முன்காவல்காரன், குதிரை, ருக். மூன்றாம் வரிசை முழுக்கச் சிப்பாய்கள், 11 பேர். நம்மில் பலர் மூலையில் நிற்கிற காயை யானை என்றே சொல்லிப் பழகியவர்கள். இங்கே நேர்கோட்டில் ஓடுகிற அந்தக் காய் ருக், யானை வேறு.

நகர்வுகளைப் பாருங்கள். தளபதி மூலைவாட்டில் ஒரு கட்டம்தான் போகலாம், வசீர் நேர்வாட்டில் ஒரு கட்டம்தான். யானை மூலைவாட்டில் இரண்டாவது கட்டத்துக்குத் தாவும், முற்றுகைப் பொறி நேர்வாட்டில் இரண்டாவது கட்டத்துக்குத் தாவும். ஒட்டகம் குதிரை மாதிரிதான், ஆனால் இன்னும் ஒரு கட்டம் நீளமாகத் தாவும். முன்காவல்காரன் மூலைவாட்டில் எத்தனை கட்டம் வேண்டுமானாலும் போகலாம். ஆனால் பக்கத்துக் கட்டத்தில் நிற்கக்கூடாது, இரண்டாவது தாண்டவேண்டும். ஒட்டகச்சிவிங்கி மூலைவாட்டில் ஒன்று வைத்து, பிறகு நேராகக் குறைந்தது மூன்று கட்டம் போகவேண்டும். தன் காலடியில் இருப்பதை அதனால் தொடவே முடியாது. எல்லோருக்கும் வேறு வேறு தூரம், எல்லோருக்கும் ஒவ்வொரு குருட்டு இடம். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் உருவான, எல்லாத் திக்கிலும் ஓடுகிற ராணி இந்தப் பலகையில் கிடையாது. எல்லாம் செய்கிற ஒரே காய் என்று எதுவும் இல்லாத, நிஜமாகவே பன்மையான பலகை இது. முதலில் விதிகளைப் படித்தபோது எனக்கு இதுதான் பிடித்திருந்தது.

3

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று நண்பர்கள் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டு இதை ஆடிப்பார்த்தோம். பெரிய காய்களுக்குப் பொத்தான், பாட்டில் மூடி, சில்லறை என்று கிடைத்ததையெல்லாம் வைத்தோம். சிப்பாய்களுக்கு ஒரு பக்கம் புளியங்கொட்டை, மறுபக்கம் சோழி. ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் ஆட்டம் நின்றுவிட்டது. காரணம் சிப்பாய்கள். புளியங்கொட்டை எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. இந்த ஆட்டத்தில் சிப்பாய்கள் ஒரே மாதிரி இருக்கக்கூடாது.

ஏன்? 11 சிப்பாய்களும் 11 பேருடைய சிப்பாய்கள். ருக்கின் சிப்பாய், குதிரையின் சிப்பாய், ஒட்டகத்தின் சிப்பாய், வசீரின் சிப்பாய் என்று ஒவ்வொருவருக்கும் எஜமான் உண்டு. நகர்வதில் வித்தியாசமே இல்லை. எல்லோரும் முன்னால் ஒரு கட்டம் போவார்கள், குறுக்கே வெட்டுவார்கள். வித்தியாசம் தெரிவது கடைசி வரிசையைத் தொட்டவுடன்தான். ருக்கின் சிப்பாய் ருக் ஆகலாம், குதிரையின் சிப்பாய் குதிரை ஆகலாம். ராஜாவின் சிப்பாய் இளவரசன் ஆகிறான், ராஜா மாதிரியே நகர்கிறான். அவரவர் அவரவர் எஜமானாக மட்டுமே ஆகமுடியும்.

கடைசியில் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கோந்து போட்டு ஒவ்வொரு கொட்டையிலும் ஒட்டினோம். அப்போதுதான் ஆட்டம் நடந்தது. 'சிப்பாய்க்கும் பேர் வச்சிருக்கான் பாருங்க, அதுவே பெரிய விஷயம்' என்றார் கூட இருந்த தோழர். எனக்கும் அந்த நிமிஷம் அப்படித்தான் தோன்றியது. பிறகு யோசித்தால் அப்படித் தோன்றவில்லை.

ஒரு குதிரைக் காய் தொலைந்துபோனால் அதற்குப் பதில் எந்தப் பொருளையும் வைத்து ஆடலாம், மதிப்பு உறவிலிருந்து வருகிறதே தவிரப் பொருளிலிருந்து வருவதில்லை என்று சசூர் விளக்கியது நமக்குத் தெரிந்ததே. அவர் மனதிலிருந்த பலகையில் சிப்பாய்கள் எட்டும் தங்களுக்குள் இடம் மாறினாலும் ஆட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. தைமூரின் பலகையில் அது நடக்காது. இங்கே சிப்பாயின் மதிப்பு இரண்டு உறவுகளிலிருந்து வருகிறது. ஒன்று அவன் இப்போது நிற்கிற இடம். இன்னொன்று அவன் யாருக்குச் சொந்தம் என்பது. இந்த இரண்டாவது உறவு பலகையில் எங்கேயும் கண்ணுக்குத் தெரியாது. ஒட்டின காகிதத்தில்தான் இருக்கிறது. அது அவனுடைய எதிர்காலத்தை முன்கூட்டியே எழுதி வைத்த காகிதம்.

பழைய பாரசீக, அராபியச் சதுரங்கத்தில் கடைசி வரிசையைத் தொட்ட சிப்பாய் யாராக இருந்தாலும் ஃபர்ஸீன்தான், அதாவது பலவீனமான தளபதி. இன்றைய சதுரங்கத்தில் ராஜாவைத் தவிர என்னவாக வேண்டுமானாலும் ஆகலாம், பெரும்பாலும் ராணி. முன்னதில் எல்லோருக்கும் ஒரே மாதிரி அற்பமான பரிசு. பின்னதில் எல்லோருக்கும் ஒரே மாதிரி பெரிய கனவு. பெயரில்லாத சிப்பாய்களுக்குள் சமத்துவம் இருந்தது. பெயர் வந்ததும் அது போய்விட்டது. ருக்கின் சிப்பாயும் யானையின் சிப்பாயும் தோளோடு தோள் நின்று ஒரே மாதிரி அடி வைக்கிறார்கள். ஆனால் ஆட்டக்காரன் யானையின் சிப்பாயை யோசிக்காமல் பலி கொடுப்பான், ருக்கின் சிப்பாயைப் பொத்திப் பொத்தி வைப்பான். நாங்களே அப்படித்தான் ஆடினோம்.

இந்த இடத்தில் நம் ஊர் வாசகனுக்கு என்ன ஞாபகம் வரும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அவசரப்பட்டு இதைச் சாதி என்று மொழிபெயர்த்துவிட வேண்டாம். இங்கே சேவகன் நடந்து நடந்து எஜமானாகவே ஆகிவிடமுடிகிறது. சாதி அந்த வழியை அடைத்த ஏற்பாடு. வேறொரு ஊரின் பிரதியை நம்முடைய உவமையாகச் சுருக்கிவிட்டால் இரண்டையும் தவறவிடுவோம்.

4

ஒரு ஆளைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். பெரிய காய்களில் பத்து வகை. அவற்றுக்குப் பத்துச் சிப்பாய்கள். பதினோராவது சிப்பாய் யாருக்குச் சொந்தம்? விதி சொல்கிறது: அவன் சிப்பாயின் சிப்பாய்.

வழக்கமான அடுக்கில் இவன் நிற்பது வரிசையின் ஓரத்தில். ராஜாவின் சிப்பாய் நிற்பது நட்டநடுவில். விளிம்பு, மையம் என்று நாம் உருவகமாகப் பேசுவதை இந்தப் பலகை கட்டம் போட்டே காட்டிவிடுகிறது. எஜமான் இல்லாதவன், ஆகவே ஆவதற்கு ஒன்றும் இல்லாதவன். இவன் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தால் என்ன செய்வது? விதி இங்கேதான் சிக்கலாகிறது. மற்றப் பத்துப் பேருக்கும் ஒரே வாக்கியத்தில் முடிகிற விஷயம் இவனுக்கு மூன்று படிகளாக நீளுகிறது.

முதல் படி: மூன்றாம் வரிசையிலிருந்து ஏழு அடி வைத்துக் கடைசி வரிசையைத் தொடுகிறான். ஒன்றும் ஆவதில்லை. அங்கேயே நிற்கிறான். நகரமுடியாது, ஆனால் யாராலும் அவனை வெட்டவும் முடியாது. பலகையில் ஏதாவது ஒரு இடத்தில் வைத்தால் எதிரியின் ஒரு காய் தப்பவே முடியாது, அல்லது இரண்டு காய்களை ஒரே நேரத்தில் தாக்கலாம் என்கிற நிலைமை வரும்போது அவனைத் தூக்கி அங்கே வைக்கலாம். வேறு எந்தக் காய்க்கும் இந்த வரம் இல்லை.

இரண்டாம் படி: அங்கிருந்து மறுபடி நடந்து மறுபடி கடைசி வரிசையைத் தொடுகிறான். இப்போது அவனை எடுத்து ராஜாவின் சிப்பாய் ஆரம்பத்தில் நின்ற கட்டத்தில் வைக்கிறார்கள். ஓரத்திலிருந்தவன் நடுவுக்கு வருகிறான்.

மூன்றாம் படி: அங்கிருந்து மறுபடி ஏழு அடி. இப்போது ராஜா ஆகிறான். வெளியிலிருந்து வந்து சேர்ந்த ராஜா, ஆக்கப்பட்ட ராஜா. பிறந்த ராஜாவும் இளவரசனும் ஏற்கனவே இருந்தால் ஒரே பக்கத்துக்கு மூன்று ராஜாக்கள். அப்படி ஒன்றுக்கு மேல் இருக்கும்வரை அவர்களைச் சாதாரணக் காய் மாதிரி வெட்டலாம். மிஞ்சுகிற கடைசி ஆளைத்தான் முற்றவைக்க வேண்டும்.

நாங்கள் ஆடின எந்த ஆட்டத்திலும் அவன் மூன்றாம் படிக்கு வரவில்லை. ஒருமுறை முதல் படியைத் தொட்டான். அவன் அங்கே அசையாமல் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க எதிரே ஆடினவர் நிம்மதியாக இல்லை. ஒவ்வொரு காயை நகர்த்தும்போதும் இரண்டு காய்கள் சேர்ந்தாற்போல் மாட்டிக்கொள்ளுமோ என்று பார்த்துக்கொண்டே இருந்தார். ருக் ஆகிவிட்ட ருக்கின் சிப்பாயைக் கண்டு அவர் இவ்வளவு பயப்படவில்லை.

5

இந்த விதியைத் தைமூரே எழுதினார் என்று சொல்ல நான் தயாராக இல்லை. பெரிய பலகைகள் அவருக்கு முன்பே இருந்தவை. நிச்சயமாகத் தெரிவது அவர் இதை ஆடினார் என்பது. இதைப் பதிவு செய்த இப்னு அரப்ஷா டமாஸ்கஸ்காரர். 1389இல் பிறந்தவர், தைமூரின் படை 1401இல் அந்த நகரத்தைச் சூறையாடியபோது சிறுவனாகச் சமர்கந்துக்குக் கொண்டுபோகப்பட்டவர். பின்னாளில் தைமூரைப் பற்றி அவர் எழுதிய வரலாறு முழுக்க வெறுப்பு. அந்த வெறுப்புக்கு நடுவிலும் பத்துக்குப் பதினொன்று என்று பலகையின் அளவையும் ஒட்டகம், ஒட்டகச்சிவிங்கி, முற்றுகைப் பொறி என்று காய்களையும் குறித்து வைத்திருக்கிறார். நகரங்களை அழித்தவனின் ஆட்டத்தை அழிக்கப்பட்ட நகரத்தின் பையன் பதிவு செய்திருக்கிறான்.

தைமூர் தன் காலத்தில் எங்கே நின்றார் என்று பார்த்தால் இந்த விதி வேறு மாதிரி ஒலிக்கிறது. டில்லியை 1398இல் சூறையாடியவர், 1402இல் அங்காராவில் உஸ்மானிய சுல்தான் பாயசீதைச் சிறைபிடித்தவர். இவ்வளவு இருந்தும் கடைசிவரை 'கான்' என்று பட்டம் சூட்டிக்கொள்ளவில்லை. அந்தப் பட்டம் செங்கிஸ்கான் வம்சத்தவருக்கு மட்டும் உரியது என்பது ஸ்டெப்பி நிலத்தின் மரபு. தைமூர் பர்லாஸ் குலம், அந்த வம்சம் இல்லை. ஆகவே செங்கிஸ் வம்சத்து ஆள் ஒருவரைப் பெயருக்குக் கானாக உட்கார வைத்தார், தான் 'அமீர்' என்று ஆண்டார். செங்கிஸ் வம்சத்துப் பெண்ணான சராய் முல்க் கானுமை மணந்து 'கூர்கான்', அதாவது மருமகன், என்ற பட்டத்தைச் சேர்த்துக்கொண்டார். பிறப்பால் ராஜா ஆகமுடியாதவன் ராஜாவுக்குப் பக்கத்து இடத்தைப் பிடித்து, அங்கிருந்து மேலே போகிறான். சிப்பாயின் சிப்பாய் ராஜாவின் சிப்பாயுடைய கட்டத்தின் வழியாகத்தான் ராஜா ஆகமுடியும் என்ற இரண்டாம் படி இதே தர்க்கம்தான்.

இதை வாழ்க்கை வரலாற்று விளக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பரம்பரைதான் சட்டம் என்று நம்புகிற ஒரு உலகம், பரம்பரை இல்லாதவன் பலத்தால் மேலே வந்துவிட்டால் என்ன செய்யும் என்பதற்கு அந்த உலகத்திடம் ஒரே பதில்தான் இருந்திருக்கிறது. நடைமுறையிலும் அதுதான், விதிப்புத்தகத்திலும் அதுதான். அவனை வரவிடு, ஆனால் சுற்றிச் சுற்றி வரவிடு. வந்தபின் அவனுக்கும் ஒரு பரம்பரையின் இடத்தைக் கொடு. பெயரில் மட்டும் அவன் வெளியாள் என்பதை விட்டுவை.

டெல்யூஸும் கத்தாரியும் 'ஆயிரம் பீடபூமிகள்' (1980) நூலில் சதுரங்கத்தை அரசின் ஆட்டம் என்றார்கள். காய்களுக்கு உள்ளார்ந்த இயல்பு உண்டு, குதிரை எப்போதும் குதிரைதான். எதிராக அவர்கள் 'கோ' ஆட்டத்தை நிறுத்தினார்கள். அதன் காய்கள் பெயரில்லாத வெறும் வில்லைகள். நாடோடிப் போர்முறைக்கு அதுவே பொருத்தம் என்பது அவர்கள் வாதம். அழகான எதிர்வு. ஆனால் ஸ்டெப்பியிலிருந்து வந்த இந்தப் படைத்தலைவன் விரும்பி ஆடினது எதை? சதுரங்கத்திலேயே இன்னும் இறுக்கமாகக் குறியிடப்பட்ட ஒரு சதுரங்கத்தை. சாதாரணச் சதுரங்கத்தில் குறியில்லாமல் இருந்த கடைசி ஜனங்களான சிப்பாய்களுக்கும் குறி போட்டுவிட்ட ஆட்டம் அது. 1404இல் சமர்கந்துக்குத் தூதுவராகப் போன க்ளாவிஹோ, டமாஸ்கஸிலிருந்து கொண்டுவரப்பட்ட பட்டு நெசவாளர்களையும் வில் செய்வோரையும் கண்ணாடித் தொழிலாளர்களையும் பற்றி எழுதியிருக்கிறார். பிடிபட்டவர்களைத் தொழில்வாரியாகப் பிரித்து, பெயர் போட்டு, இடம் ஒதுக்கி வைத்த நகரம் அது. நாடோடி என்றால் விடுதலை, பன்மை என்றால் விடுதலை என்று நாம் கோட்பாட்டு நூல்களிலிருந்து எடுத்துக்கொண்ட சமன்பாடுகளுக்கு இந்தப் பலகை ஒத்துழைக்க மறுக்கிறது.

6

இரண்டு விதிகள் பாக்கி. ஒன்று: ராஜா சிக்கிக்கொண்டால் ஆட்டத்தில் ஒரே ஒருமுறை தன் காய்களில் ஒன்றோடு இடம் மாற்றிக்கொள்ளலாம். ராஜா சாகவேண்டிய கட்டத்தில் வேறொருவன் போய் நிற்பான். இரண்டு: தோற்கிற நிலையிலிருக்கிற ராஜா எப்படியாவது தப்பி எதிரியின் கோட்டைக் கட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் ஆட்டம் சமன். ராஜாவைத் தவிர வேறு எந்தக் காயும் அங்கே போகமுடியாது. 110 கட்டத்தில் சாகிறவர்கள் எல்லாம் ஒரு பக்கம், ராஜாக்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு ஒரு பக்கம். எதிரியின் ராஜாவுக்கு என் வீட்டில் இடம் உண்டு, என் சிப்பாய்க்கு என் வீட்டிலேயே இடம் கிடையாது. பலகையைப் பெரிசாக்கினபோது கூடுதலாகச் சேர்ந்த இடம் யாருக்குப் போனது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஆகவே என் சந்தேகத்துக்கு இந்தப் பிரதி தருகிற பதில் இதுதான். பன்மை தன்னளவில் யாருக்கும் எதுவும் செய்வதில்லை. பெயர் கிடைத்தது என்றால், அந்தப் பெயர் யாருடைய சொத்தாக நம்மை எழுதுகிறது என்று கேட்கவேண்டும். வகைகள் கூடின என்றால், மேலே போகும் வழி யாருடைய கட்டத்தின் வழியாகப் போகிறது என்று கேட்கவேண்டும். இந்தக் கேள்விகள் இல்லாத பன்மைப் பேச்சு பலகையின் விஸ்தீரணத்தைப் புகழ்கிற பேச்சாக முடிந்துவிடும்.

'அப்போ அந்தப் பதினோராவது ஆள் ராஜா ஆனது வெற்றி இல்லையா' என்று தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனது அவனுக்கு வெற்றிதான். ஆட்டத்துக்கு இன்னொரு ராஜா, அவ்வளவே. மற்றப் பத்துப் பேரின் காகிதத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. எனக்கு அவனுடைய மூன்றாம் படியைவிட முதல் படிதான் முக்கியமாகப் படுகிறது. எதுவாகவும் ஆகாமல், யாராலும் வெட்டப்படாமல், எங்கே வேண்டுமானாலும் இறங்கக்கூடியவனாக அவன் கடைசி வரிசையில் நிற்கிற அந்த நேரம். மற்றவர்களைப் பரம்பரையில் சேர்த்து முடித்துவிட்ட விதி இவனை என்ன செய்வது என்று தெரியாமல் திணறுகிறது. அந்தத் திணறலை முடிப்பதற்காகத்தான் அடுத்த இரண்டு படிகளும் எழுதப்பட்டிருக்கின்றன என்பது என் வாசிப்பு. ராஜாவாக்கினால் அவன் அடங்கிவிடுவான்.

அன்றைக்குக் காகிதம் வெட்டி ஒட்டும்போது பத்துக் கொட்டைகளுக்கு எழுதினோம். பதினோராவதுக்கு என்ன எழுதுவது என்று யோசித்து, 'மீதி எல்லாத்துலயும் பேர் இருக்குல்ல, எழுதாத ஒண்ணு அவன்தான், தெரிஞ்சுக்கலாம்' என்று அப்படியே விட்டுவிட்டோம். ஆட்டத்துக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை.